ரிப்பனா, நூலா, ஆரியா: பூவேலையை எதில் தொடங்குவது?

பூவேலை, அதாவது எம்பிராய்டரி, கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எதுங்க சுலபம்?" என்றுதான். யூடியூபில் ரிப்பன் ரோஜா ஐந்து நிமிடத்தில் மலர்கிறது. தெருமுனையில் ஆரி வகுப்புக்குப் பலகை தொங்குகிறது. பள்ளியில் தைத்த சங்கிலித் தையல் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எதைப் பிடிப்பது என்று குழப்பம் வருவது இயல்பு. என்னைக் கேட்டால், ஊசியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் துணியைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். நீங்கள் தைக்கப்போகும் துணி எங்கே போகப் போகிறது? வாரம் ஒருமுறை தண்ணீரில் விழுமா, சட்டத்துக்குள் சுவரில் தொங்குமா, முகூர்த்தத்துக்கு ஒரு நாள் உடுத்திவிட்டு பீரோவுக்குள் போகுமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஏனென்றால் ஒவ்வொரு வேலைப்பாடும் ஏதோ ஒரு துணிக்காகப் பிறந்தது. அந்தத் துணியின் குணம் இன்னும் அதில் இருக்கிறது. ரிப்பன் வேலை 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் அரசவைப் பெண்களின் பட்டு உடைகளில் செழித்து, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனது. அந்தப் பட்டு உடைகளைத் துவைப்பதே கிடையாது. வியர்வையை வாங்க உள்ளே லினன் உடுப்பு இருக்கும், துவைப்பது அதைத்தான். ஆரியின் கதை இதற்கு நேர் எதிர். குஜராத்தின் கட்ச் பகுதியில் மோச்சிகள் என்ற தோல் தொழிலாளர்கள் தோலைக் குத்தித் தைத்த கொக்கி முனைக் கருவிதான் துணிக்கு மாறி ஆரி ஊசியானது. நம் நீலகிரியில் தோடர்கள் தைக்கும் பூத்துக்குளி, மலைக்குளிரில் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் கனத்த பருத்திப் போர்வை. அதில் கறுப்பும் சிவப்பும் கலந்து ஓடும் வேலை, துணியின் நெசவோடு நெசவாகவே படிந்துகிடக்கும். இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து "எது சுலபம்" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

ரிப்பன்: சீக்கிரம் மலரும், தண்ணீருக்குப் பயப்படும்

ரிப்பனின் பெரிய கவர்ச்சி அதன் வேகம். நூலில் ஒரு இதழை நிரப்ப ஊசி இருபது முப்பது தடவை போய்வர வேண்டும். ரிப்பனில் ஒரே ஒரு தையல்தான் ஒரு இதழ். கீழிருந்து ஊசியை மேலே எடுத்து, ரிப்பனைத் துணியின் மேல் தட்டையாகப் படுக்கவைத்து, இதழ் முடிய வேண்டிய இடத்தில் ரிப்பனின் நட்டநடுவிலேயே ஊசியைக் குத்திக் கீழே இறக்க வேண்டும். இப்போது அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ரிப்பனின் இரண்டு ஓரங்களும் முனையில் உள்பக்கமாகச் சுருளும். சுருண்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு இழு இழுத்தால் சுருள் கீழே போய் வெறும் கோடுதான் மிஞ்சும். ரிப்பன் வேலையின் சூட்சுமம் முழுக்க இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. அதை விரல்கள் ஓரிரு நாளிலேயே பிடித்துக்கொள்ளும்.

எல்லோரும் ஆசைப்படும் ஸ்பைடர் வெப் ரோஜாவும் அப்படித்தான். முதலில் ஒரு வட்டம் வரைந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஐந்து கால்களைச் சாதாரண நூலில் போட வேண்டும். ஐந்து என்பதில் காரணம் இருக்கிறது. கால்கள் ஒற்றைப்படையாக இருந்தால்தான், ஒரு சுற்றில் மேலே போன ரிப்பன் அடுத்த சுற்றில் அதே காலுக்குக் கீழே போகும். ஆறு கால் போட்டால் பின்னலே விழாது. பிறகு ரிப்பனை நடுவில் எடுத்து, ஒரு காலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று சுற்றிக்கொண்டே வர வேண்டும். முதல் இரண்டு சுற்று இறுக்கமாகவும், அப்புறம் தளர்வாகவும். நடுநடுவே ரிப்பனை லேசாக முறுக்கிவிட்டால் இதழ் மடிப்பு நிஜ ரோஜாபோல விழும். கால்களுக்கு அடியில் நுழைக்கும்போது ஊசியின் கூர்முனையை விட்டுவிட்டு காதுப் பக்கத்தை முன்னால் விடுங்கள். நூலையும் துணியையும் குத்தாது. கால்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் ரோஜா முடிந்தது.

இவ்வளவு சுலபமானதற்குப் பின்னால் சாமான் விஷயத்தில் கொஞ்சம் கறார் வேண்டும். ரிப்பன் துணிக்குள் நுழைய அதற்கென்று ஒரு ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையைப் போடுவது ஊசி. மெல்லிய ஊசியில் பெரிய ரிப்பனைக் கோத்தால் ரிப்பன் ஒவ்வொரு முறையும் நசுங்கி, நாலு தையலுக்குள் ஓரம் பிரிந்துவிடும். செனில் ஊசி என்று கேளுங்கள்: காது நீளமாகவும் முனை கூராகவும் இருக்கும். ஊசிக்கு எண் கூடக் கூட அது மெலியும். 7 மி.மீ. ரிப்பனுக்கு 18ஆம் எண், 4 மி.மீ.க்கு 20 அல்லது 22 சரியாக இருக்கும். பட்டு ரிப்பன் 2, 4, 7, 13 மி.மீ. அகலங்களில் வரும், தொடங்குகிறவர்களுக்கு 4 மி.மீ.தான் கைக்கு அடங்கும்.

நம் ஊர் பேன்சி ஸ்டோர்களில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் சாட்டின் ரிப்பன். பட்டைவிடப் பல மடங்கு மலிவு, ஆனால் விறைப்பு அதிகம். பழகுவதற்கு அதுவே போதும், இரண்டு விஷயம் மட்டும் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் பளபளக்கும் ரிப்பனாக இருக்கட்டும். ரோஜா முறுக்கும்போது பின்பக்கம் வெளியே தெரியும். அகலம் கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். சாட்டினில் ஒரு வசதியும் உண்டு: தலைமுடி ரிப்பனுக்குச் செய்வதுபோல வெட்டிய முனையை ஊதுபத்தி நெருப்பில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. பட்டு ரிப்பனில் இதைச் செய்யாதீர்கள், கருகிவிடும்.

ரிப்பனை ஒன்றரைச் சாணுக்கு மேல் வெட்டாதீர்கள். துணியினூடே போய்வரும் ஒவ்வொரு தடவையும் அதன் ஓரம் தேயும். நீளம் கூடினால் கடைசித் தையல்கள் நைந்துபோய் விழும். ஸ்பைடர் வெப் ரோஜா மட்டும் விதிவிலக்கு. அதில் ரிப்பன் துணிக்குள் போவதே இரண்டு தடவைதான் என்பதால் ஒரு முழம் வரை எடுக்கலாம். முனையைச் சாய்வாக வெட்டி ஊசிக் காதில் கோத்து, அந்த முனையிலிருந்து கால் அங்குலம் தள்ளி ரிப்பனையே ஊசியால் குத்தி, மறுமுனையை இழுத்தால் ரிப்பன் காதிலேயே பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் ஊசி வழுக்கிக்கொண்டே இருக்கும். பின்பக்கத்தில் ரிப்பனை முடிச்சுப் போட்டால் துணி முன்னால் மேடு தட்டும். ரிப்பன் வாலை அதே நிறத் தையல் நூலால் இரண்டு தையல் போட்டுப் பிடித்துவிடுவது நல்லது. ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் பின்பக்கமாக ரிப்பனை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். வீண் செலவு, போதாததற்கு வெளிர் துணியில் நிழலடிக்கும்.

சரி, இதன் குறை எங்கே? உயர்ந்து நிற்கும் அந்த இதழ்கள் அழுத்தத்தைத் தாங்காது. முறுக்கிப் பிழிந்தால் நசுங்கும், மேலே இஸ்திரி வைத்தால் தட்டையாகிவிடும். வளையல், சங்கிலி, கைப்பை ஜிப் என்று எது உரசினாலும் இழை கிளம்பும். சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த அடர்நிற ரிப்பனையும் பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் விரித்துக் காயவைக்கலாம். இஸ்திரி வேண்டுமென்றால் கனமான துண்டின் மேல் பூ கீழ்ப்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, பூ இல்லாத இடங்களில் மட்டும். இவ்வளவு பராமரிப்பு தினசரி உடுத்தும் குர்த்திக்கு நடக்காது. நம் வெயிலில், வியர்வையில் நனையும் அக்குள் பக்கத்தில் ரிப்பன் பூ வைப்பது அந்த வேலைக்கு நாமே செய்யும் அநியாயம். அதே பூக்கள் சுவர்ச் சட்டத்தில், குஷன் உறையின் ஓரத்தில், சின்னக் கைப்பையில், பரிசாகக் கொடுக்கும் நகைப் பெட்டியின் மூடியில் என்றால் வருஷக்கணக்கில் அழகாக இருக்கும்.

நூல்: மெதுவாகத்தான் வரும், எங்கும் போகும்

நம்மில் பலர் பள்ளித் தையல் வகுப்பில் தொட்ட அந்த ஆறு இழைப் பருத்தி நூலை, ரிப்பனையும் ஆரியையும் பார்த்த பிறகு பழைய விஷயமாக நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடங்குகிறவருக்கு இதைவிட நாணயமான பொருள் கிடையாது. கடைகளில் கிடைக்கும் ஆங்கர் என்ற பிராண்டு நூலில் ஒரு கண்டு 8 மீட்டர். அதில் ஆறு இழை, பிரித்துப் பிரித்துத்தான் தைப்போம். இரண்டு இழையாகத் தைத்தால் ஒரு கண்டிலேயே 24 மீட்டர் தைக்கும் நூல் இருக்கிறது. ரிப்பனில் ஒரு ரூபாய் நாணய அளவு ரோஜாவுக்கே ஏறத்தாழ ஒரு முழம் போய்விடும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பாகத் தைத்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். காடாத் துணியில் ஊசித் தடம்கூடத் தங்காது.

ஒரு முழம் நூலை வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்தமாக இரண்டு இழையைப் பிய்த்தால் சிக்கு விழும். உருவிச் சேர்த்தால் இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படிந்து, பூ நிறைவாகத் தெரியும். இது சின்ன விஷயம்தான், ஆனால் பழகிய கைக்கும் பழகாத கைக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான்.

நூலின் கஷ்டம் எங்கே என்றால், நிரப்புவதில். கோடாக ஓடும் காம்புத் தையல், சங்கிலித் தையல், ஒரு கண்ணியே ஒரு இதழாகும் லேசி டெய்சி, ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு எல்லாம் சில நாளில் வசப்படும். இதழை நெருக்கமான நேர்த்தையல்களால் நிரப்பும் சாட்டின் தையல் அவ்வளவு சீக்கிரம் வசப்படாது. ஓரம் ரம்பம்போல ஏறி இறங்கும், நடுவில் துணி தெரியும். பலர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். வழி ஒன்று சொல்கிறேன்: இதழின் ஓரக்கோட்டில் முதலில் நெருக்கமாகப் பின் தையல் (பேக் ஸ்டிச்) போட்டுவிட்டு, அதற்கு வெளியே ஊசியை இறக்கி நிரப்புங்கள். ஓரம் தானாக நேராகும். இலைக்கு மீன்முள் தையல் சாட்டினைவிடச் சுலபம், நடு நரம்பும் இலவசமாகக் கிடைக்கும்.

ரிப்பனுக்கும் நூலுக்கும் இடையில் ஒரு உறவு இருக்கிறது. லேசி டெய்சி, பிரெஞ்சு முடிச்சு, காம்பு, நேர்த்தையல் எல்லாமே இரண்டிலும் ஒன்றுதான். ரிப்பன் பூவுக்குக் காம்பும் கொடியும் மகரந்தமும் நூலில்தான் தைக்க வேண்டும். ஸ்பைடர் வெப் ரோஜாவின் கால்களும் நூல்தான். நூல் தெரியாமல் ரிப்பனைத் தொடங்கினால், பூக்கள் மட்டும் அழகாக நின்று காம்பு கோணலாக ஓடும். ரிப்பனை இரண்டாவதாகக் கற்கச் சொல்வதற்கு இதுதான் என் காரணம். முதல் சில வாரம் நூல், அதே வளையத்தில் அப்படியே ரிப்பன்.

துணியின் பக்கமிருந்து பார்த்தால் நூல்தான் எல்லா இடத்துக்கும் போகும். தலையணை உறை, கைக்குட்டை, பள்ளிக்கூட ஏப்ரன், வேட்டியின் ஓரம் என்று தினமும் துவைக்கும் துணிக்கு இதுவே சரி. நல்ல பருத்தி நூலில் சாயம் பெரும்பாலும் நிற்கும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றை மட்டும் முதலில் நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆரி: தொழிலாகப் பார்ப்பவருக்கு

தமிழ்நாட்டில் இன்று பூவேலை என்றாலே ஆரிதான் என்று ஆகிவிட்டது. கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு வேலைப்பாட்டைப் பொறுத்துச் சில ஆயிரங்கள் கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்கள் நிறைய. ஆகவே வருமானம் நோக்கம் என்றால் ஆரியைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பொழுதுபோக்காக ஆரம்பிக்கிறவர் நேராக ஆரிக்குப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஆரியில் வலது கை மேலே ஊசியைப் பிடிக்கிறது, இடது கை துணிக்குக் கீழே நூலைப் பிடிக்கிறது. ஊசி துணியைக் குத்திக் கீழே இறங்கியதும் இடது கை நூலை அதன் கொக்கியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஊசியை லேசாகத் திருப்பி, கொக்கி துணியில் மாட்டாதபடி மேலே இழுத்தால் ஒரு கண்ணி வரும். அடுத்த குத்து அந்தக் கண்ணிக்குள். இப்படியே போனால் சங்கிலி. கைதேர்ந்தவர் தைக்கும்போது பார்த்தால் மழைத்தூறல் வேகத்தில் போகும். இதில் பாதி வேலை துணிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. வீடியோவில் அந்த இடது கையை யாரும் காட்டுவதில்லை, காட்டினாலும் நூலின் இறுக்கத்தைக் காட்ட முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துத் திருத்தினால் சில நாளில் வருவது, தனியாக வீடியோ பார்த்தால் சில மாதம் இழுக்கும். ரிப்பனும் நூலும் அப்படியில்லை. அவற்றில் நடப்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, வீட்டிலிருந்தே கற்கலாம்.

அடுத்தது இடம். ஆரிக்குச் சட்டமும் ஸ்டாண்டும் வேண்டும். தட்டினால் ஓசை வரும் அளவுக்குத் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். துணி தொய்ந்தால் கொக்கி மாட்டும். கட்டிய சட்டத்தை நினைத்த நேரம் எடுத்து உள்ளே வைக்க முடியாது. இரண்டு அறை வீட்டில், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், அது நடுக்கூடத்தில் கிடப்பது சாதாரணத் தொந்தரவு இல்லை. நூல் வேலைக்கோ ரிப்பனுக்கோ ஆறு அங்குல வளையம் ஒன்று போதும். சமையல் கொதிக்கும் நேரத்தில் எடுத்து, விசில் வந்ததும் கீழே வைத்துவிட்டுப் போகலாம்.

ஆரிச் சங்கிலிக்கு ஒரு சுபாவம் உண்டு: கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், நூலின் முனையை இழுத்ததும் மொத்த வரிசையும் சரசரவென்று பிரிந்துவிடும். ஆரம்பத்தில் இது பயனுள்ள குணம், தப்பைப் பிரிக்க நொடிகூட ஆகாது. வாடிக்கையாளரின் பிளவுஸில் இதே குணம் பெரிய தலைவலி. வகுப்பில் சேரப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே முடிச்சு போடுவதைக் கண்ணும் கருத்துமாகச் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். கல், முத்து, சமிக்கி, ஜர்தோசி எல்லாம் எத்தனை வகை கற்றுத் தருகிறார்கள் என்ற விளம்பரத்தைவிட இது முக்கியம். ஜர்தோசி என்கிற அந்தச் சுருள் கம்பியை அளவாக வெட்டிச் சாதாரண ஊசியில் கோத்துத்தான் தைப்பார்கள் என்பதால், அங்கேயும் பழைய கை ஊசிப் பழக்கம் உதவும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். வெறும் நூல் வேலையை இன்று கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் மலிவாகச் செய்து கொடுத்துவிடுகிறது. ஆரிக்கு விலை நிற்பது கல்லும் முத்தும் ஜர்தோசியும் கலந்த கை வேலையில். அந்தச் சாமான்களை முதலில் நாம்தான் வாங்கி வைக்க வேண்டும், ஆர்டர் பிறகுதான் வரும். முதுகும் கழுத்தும் கேட்கும் கூலி தனி. தரையில் குனிந்து மணிக்கணக்கில் உட்கார்வதைத் தவிர்த்து, ஸ்டாண்டை நாற்காலி உயரத்துக்கு வைத்துக்கொள்வது பின்னால் வரும் வலியைக் குறைக்கும்.

எண்ணித் தைப்பது

வரையத் தெரியாது, வளைவு வராது என்று தயங்குகிறவர்களுக்குக் குறுக்குத் தையல், அதாவது கிராஸ் ஸ்டிச், நல்ல நுழைவாயில். மேட்டி துணியிலோ ஐடா துணியிலோ கட்டங்கள் நெசவிலேயே இருக்கும். படத்தில் இருக்கும் கட்டத்தை எண்ணி அதே இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டியதுதான். 14 கட்ட ஐடா என்றால் அங்குலத்துக்கு 14 தையல். 70 கட்டம் நீளம், 70 கட்டம் அகலம் கொண்ட படம் ஐந்து அங்குலச் சதுரமாக வரும். அதற்குள் 4,900 தையல். இந்த எண்ணைச் சொல்வது பயமுறுத்த இல்லை. பலர் கடையில் பார்த்த பெரிய இயற்கைக் காட்சிப் பெட்டியை முதல் வேலையாக வாங்கி வந்து, கால்வாசியில் மூட்டை கட்டிவிடுகிறார்கள். உள்ளங்கை அளவுப் படத்தில் தொடங்குங்கள். துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, படத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்தால் ஓரத்தில் இடம் போதாமல் போகாது. மொட்டை முனை ஊசி என்பதால் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கண் மங்கத் தொடங்கியவர்கள் 11 கட்டத் துணி வாங்கலாம், அல்லது காது பெரிதாக இருக்கும் ரிப்பன் ஊசியின் பக்கம் போய்விடலாம்.

எண்ணித் தைப்பதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தோடர் வேலையைப் பார்க்க வேண்டும். படம் வரைவதில்லை, வளையமும் கிடையாது. துணியின் இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணியே சிவப்பும் கறுப்புமாக வடிவங்களைக் கொண்டுவருகிறார்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டிப் பக்கம் போனால் ஒரு சால்வையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் என்று ஒதுக்க எதுவுமே இருக்காது. அந்த வடிவங்களை நகலெடுத்து விற்பது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது. கற்றுக்கொள்ள வேண்டியது அந்த எண்ணும் ஒழுக்கத்தை.

கண்ணாடி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் சிட்லிங்கியில் லம்பாடி சமூகப் பெண்கள் தங்கள் பாரம்பரிய எம்பிராய்டரியை மீட்டெடுத்துத் தைத்து விற்கிறார்கள். நூல் வேலையில் கை பழகியவர் கண்ணாடி பதிக்கச் சில நாளில் கற்றுவிடலாம் என்பதால் இதைத் தனித் தொடக்கமாக நான் எண்ணுவதில்லை.

யாருக்கு எது

கல்லூரிப் பெண், விடுதி அறை, மாலையில் ஒரு மணி நேரம், நண்பர்களுக்குப் பரிசு கொடுக்க ஆசை: நூலும் ரிப்பனும் சேர்ந்து. வளையத்தையே சட்டமாக்கி மாட்டிவிடலாம், துவைக்கும் பேச்சே இல்லை.

கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கும் அம்மாவோ பாட்டியோ என்றால், நூல் மட்டும் போதும் என்பேன். ரிப்பனின் பின்பக்க மேடு பிஞ்சுத் தோலை உரசும். முத்தும் கல்லும் பிய்ந்தால் நேராக வாய்க்குப் போகும். எப்படியும் ரிப்பன் பூ வைக்கத்தான் வேண்டும் என்றால், கவுனின் கீழ் ஓரத்தில் வைத்து, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்துவிடுங்கள்.

சம்பாதிக்க வேண்டும், வீட்டில் ஒரு மூலை இருக்கிறது, ஆறு மாதம் பொறுத்துக்கொள்ள முடியும் என்பவர் ஆரிக்குப் போகலாம். நேரில் சொல்லித் தரும் ஆசிரியரிடம் மட்டும். அங்கேயும் முதல் மாதம் கை ஊசி வேலையை விடாதீர்கள். வண்ணம் சேர்ப்பதும், கொடியை எங்கே வளைப்பது என்பதும் அதில்தான் புரியும்.

பட்டுப்புடவை பிளவுஸில் முதல் முயற்சி யாருக்குமே வேண்டாம். பட்டில் தடித்த ஊசி போட்ட ஓட்டை மூடாது, பிரித்தாலும் புள்ளி புள்ளியாக நிற்கும். ஜரிகையும் வியர்வை, வாசனைத் திரவியம் பட்டால் கறுக்கும். கை நிதானமான பிறகு, கழுத்தின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடைக்குப் போகும்போது

சென்னையில் பாரிமுனைப் பக்கமோ மதுரையில் விளக்குத்தூண் பக்கமோ போனால் எல்லாமே கிடைக்கும். உங்கள் ஊர் பேன்சி ஸ்டோரிலும் முக்கால்வாசி கிடைத்துவிடும். ஐம்பது நிறம் அடுக்கிய பெட்டிகளை வாங்காதீர்கள். அந்த நூல் பெரும்பாலும் பஞ்சு கிளம்பும் மலிவு நூல், சாயமும் நம்ப முடியாது. ஒரு மீட்டர் வெளிர்நிற கேஸ்மென்ட் என்ற பருத்தித் துணி, ஆறு அங்குல மர வளையம், பச்சையில் இரண்டு சாயல் நூல், பூவுக்கு ஒரே நிறத்தில் வெளிரும் அடரும், மஞ்சள் ஒன்று, எம்பிராய்டரி ஊசிப் பொட்டலம் ஒன்று. இதற்கு மேல் ஒன்றும் இப்போது வேண்டாம். ரிப்பனுக்கு வரும்போது 20ஆம் எண் செனில் ஊசியும், அதே இரண்டு பூ நிறத்தில் ரிப்பனும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த பாப்ளினில் ரிப்பன் நுழைய மறுக்கும். கேஸ்மென்ட் இடம் கொடுக்கும்.

வளையத்தின் உள் சட்டத்தில் காடா நாடாவைச் சுற்றித் தைத்துவிட்டால் துணி நழுவாது, அச்சும் விழாது. படம் பதிக்க, நூல் வேலைக்கு எம்பிராய்டரி கார்பன் தாள் நல்லது. தண்ணீரில் போகும் பேனா வாங்கினால், அலசுவதற்கு முன் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், சூடு பட்டால் மை நிலைத்துவிடும். ரிப்பன் வேலைக்குப் படமே தேவையில்லை. பூவின் நடுவுக்கு ஒரு புள்ளி, இதழ் முனைகளுக்குப் புள்ளிகள், எல்லாம் லேசாகப் பென்சிலில். ரிப்பன் அவற்றை மூடிக்கொள்ளும், அதனால் அழிப்பதற்காகத் துணியை நனைக்கவும் வேண்டியதில்லை.

முதல் வேலைக்கு ஒரு யோசனை: காம்புத் தையலில் ஒரு வளைந்த கொடி, அதில் மீன்முள் தையலில் இலைகள், லேசி டெய்சியில் சின்னப் பூக்கள், நடுவில் பிரெஞ்சு முடிச்சு. பெரிய பூவுக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்து ரிப்பனைக் கையில் எடுக்கும்போது, அந்தக் காலி இடத்தில் ஐந்து கால் போட்டு ரோஜாவை வைக்கலாம்.